வியாழக்கிழமை எடுத்த அளவீட்டை அழித்துவிடாதே, தம்பி

அன்புத் தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. சிமுலேஷனில் வந்த வேகத்தில் பாதிகூட ஹார்டுவேரில் வரவில்லை, பேப்பரும் திரும்பி வந்துவிட்டது, மூன்று வருஷம் வீணாகப் போச்சு அக்கா, இந்த வயர்லெஸ் துறையில் கண்டுபிடிக்க இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி: வியாழக்கிழமை எடுத்த அளவீடுகள் மட்டும் ரொம்ப மோசம், அதை விட்டுவிட்டு கிராஃப் போட்டுவிடட்டுமா?

உனக்குத் தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இதே நிலையில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்று தோன்றியதால், உன் பெயரை எடுத்துவிட்டு இங்கே எழுதுகிறேன். ஆராய்ச்சியை விட்டு வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதில் நான் தலையிட மாட்டேன். அது உன் சூழ்நிலை, உன் மனசு. எனக்கு அந்த வியாழக்கிழமைதான் உறுத்துகிறது.

என் ஆராய்ச்சியின் இரண்டாம் வருஷம். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சின்ன டெஸ்ட்பெட், அதாவது சோதனை அமைப்பு, வைத்திருந்தேன். மேஜைமேல் ரேடியோ, லேப்டாப், பக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க். தரவைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக, பாக்கெட்டுகளாக, அனுப்புவேன். சில சமயம் ஒரு பாக்கெட்கூடத் தவறாது. சில சமயம் கொத்துக் கொத்தாக விழும், அதாவது வந்து சேராமல் தொலையும். நானும் உன்னைப் போலத்தான், பாக்கெட் விழுந்த சோதனைகளை எல்லாம் 'மோசம்' என்று பெயர் வைத்து ஒரு ஃபோல்டரில் தள்ளிவிட்டு, என் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய ஃபைல்களை டிஸ்குக்கு காப்பி போட்டேன். டிஸ்கின் நீல விளக்கு சிமிட்டும்போதெல்லாம் திரையில் பாக்கெட் விழுகிறது. சிமிட்டல் நின்றால் இழப்பும் நிற்கிறது. டிஸ்கை ஒரு கை நீளம் தள்ளி வைத்தேன். சரியாகிவிட்டது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அதன் இரைச்சல் அகலமாகப் பரவி 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் வந்து விழும். கேபிளும் கனெக்டரும் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இருந்தால் ரிசீவர் திணறிப்போகும். அளவீட்டைச் சேமித்து வைத்த பெட்டியே அளவீட்டைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது!

அன்றைக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் என் தீசிஸின் கேள்வி அங்கேதான் பிறந்தது. ஒரு பாக்கெட் தொலைந்தால், அது மோதலாலா, சிக்னல் தேய்ந்ததாலா, பக்கத்து இரைச்சலாலா என்று ரிசீவருக்கு எப்படித் தெரியும்? நெட்வொர்க் பக்கத்திலும் இதே கேள்விதான் வேறு உருவத்தில் இருந்தது. 1988-இல் வான் ஜேகப்சன், இணையத்தில் தரவு தவறாமல் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும் டிசிபி விதிமுறைக்கு வகுத்த நெரிசல் கட்டுப்பாடு, பாக்கெட் தொலைந்தால் வழியில் எங்கோ நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். கம்பியில் அது பெரும்பாலும் சரியான ஊகம். காற்றில் அப்படியில்லை, ஒன்றும் நெரியாமலே பாக்கெட் தொலையும். அதனால்தான் வைஃபையும் செல்பேசி வலைகளும் தொலைந்ததை டிசிபி கண்ணில் படுமுன் தாங்களே மறுபடி அனுப்பிப் பார்க்கின்றன. ரேடியோ தெரிந்தவர்களும் நெட்வொர்க் தெரிந்தவர்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டிய துறை இது. நீ இரண்டையும் படி.

இன்னொன்று செய்து பார். டிரான்ஸ்மிட்டர் நேராகத் தெரியாத ஓர் இடத்தில் ரிசீவரை வை. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு சென்டிமீட்டராக நகர்த்திக் குறித்துக்கொள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதில் பாதி, அதாவது நாலு விரற்கடைக்குள்ளேயே சிக்னல் 20 டெசிபல், நூறில் ஒரு பங்காக, இறங்கிவிடக்கூடும். சுவரிலும் பீரோவிலும் பட்டு வரும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுதான் காரணம். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கையால் நகர்த்தி அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடிப்பது வேறு.

பல பத்தாண்டுகள் இந்தப் பலவழிப் பிரதிபலிப்பைத் தொல்லையாகத்தான் பெரும்பாலும் பார்த்தார்கள். இந்தியக் கடற்படையில் சோனார் செய்துவிட்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் போன ஆரோக்கியசாமி பால்ராஜ், தாமஸ் கைலாத்துடன் 1992-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994-இல் கிடைத்தது. பல ஆன்டெனாக்கள் வழியாக, ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் வெவ்வேறு தரவுகளை அனுப்பிப் பிரித்தெடுக்கலாம் என்பது அதன் சாரம். பிரித்தெடுக்க உதவுவது எது தெரியுமா? அந்தப் பிரதிபலிப்புகள்தான். அவை ஒன்றுக்கொன்று வேறுபட வேறுபடப் பிரிப்பது எளிது. 1996-இல் பெல் ஆய்வகத்தின் ஃபோஷினி அதற்கான ஒரு கட்டமைப்பை எழுதினார். 2009-இல் 802.11என் தரத்தின் வழியாக அது வைஃபைக்குள் முறையாக வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. எல்லோரும் அழிக்கப் பார்த்ததை ஒருவர் உட்கார்ந்து கவனித்திருக்கிறார்.

எல்லாம் முடிந்துபோன துறை என்கிறாய். 5ஜியில் தரவுச் சேனலைக் காப்பது கேலகர் 1960-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் எழுதிய எல்டிபிசி என்னும் பிழை திருத்தும் குறிமுறை. அன்றைய கணினிகளுக்கு அது பாரம். கிட்டத்தட்ட முப்பத்தைந்து வருஷம் பெரும்பாலோர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதே 5ஜியில் கட்டுப்பாட்டுச் சேனலுக்குப் பயன்படுவது அரிகான் 2009-இல் வெளியிட்ட போலார் குறிமுறை. ஒரு சேனலில் பிழையில்லாமல் எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்ற எல்லையை 1948-இல் ஷானன் சொல்லி அறுபது வருஷம் கழித்து வந்தது அது. 4ஜி, 5ஜி என்று தலைமுறைக்கு ஒரு எண் போட்டுக் காட்டும் ஸ்லைடுகளைப் பார்த்து இந்தத் துறையை எடை போடாதே.

பேப்பர் விஷயம். இரண்டாவது ரிவியூவரின் கேள்வி நியாயமானதுதான், தம்பி. சேனல், அதாவது சிக்னலை வழி எப்படி மாற்றுகிறது என்பது, ரிசீவருக்கு முழுசாகத் தெரியும் என்று நீ எடுத்துக்கொண்டதைத்தான் அவர் கேட்கிறார். ஹார்டுவேரில் அதைப் பைலட், அதாவது இரண்டு பக்கமும் முன்பே தெரிந்த சிக்னல், வைத்து மதிப்பிடவேண்டும். அந்த மதிப்பீட்டிலும் பிழை இருக்கும். உன் வேகம் பாதியானதில் ஒரு பங்கு அங்கே போயிருக்கலாம். மீதி எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் அந்த நாளைத் தூக்கிப் போடாதே என்கிறேன்.

நோட்டை எடு. வியாழக்கிழமை எந்த அலைவரிசை, ரிசீவர் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) எவ்வளவு, கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா, மேஜையில் புதிதாக என்ன செருகியிருந்தது, யார் யார் நடமாடினார்கள், ஞாபகம் இருக்கும்போதே எழுதிவை. ஃபைலை வெட்டாமல், வடிகட்டாமல் முழுசாக எனக்கு அனுப்பு. சனிக்கிழமை காலை நான் ஆய்வகத்தில்தான் இருப்பேன், எந்த அலைவரிசையில் என்ன இரைச்சல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை எடுத்து வைக்கிறேன். வரும்போது அன்றைக்குப் பயன்படுத்திய அதே கேபிளைக் கொண்டு வா.

அன்புடன்,
அக்கா