நின்றுகொண்டே கறள் பிடிக்கும் சிறு விமானங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாசிக்குடாவுக்கும் அறுகம்குடாவுக்கும் வரும் உல்லாசப் பயணிகளை நம்பி, நான்கு இருக்கைச் சிறு விமானமொன்றை வாங்கி மட்டக்களப்பு விமான நிலையத்தில் நிறுத்திவைக்கலாமா என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெளிநாட்டில் உழைத்த காசை இதில் போட நினைப்பவர்களும் உண்டு. விலை, வரி, அனுமதி எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கும் இவர்கள், பறக்காத நாட்களில் விமானத்தை என்ன செய்வது என்று மட்டும் கேட்பதில்லை. எங்கள் கரையில் பிஸ்டன் எஞ்சின் பறந்து தேய்வதைவிட நின்று கறள் பிடித்துக் கெடுவதே அதிகம் என்பதால் இதை எழுதுகிறோம்.

திமிலைதீவுப் பக்கம் எந்தத் திசையில் பார்த்தாலும் வாவிதான். கல்லடிக் கடலும் தூரமில்லை. இரவில் உலோகம் குளிர்ந்ததும் ஈரக்காற்று அதன்மேல் வியர்க்கிறது. எஞ்சினுக்கு உள்ளேயும் இதே கதைதான். அதற்கு மேல், பெற்றோல் எரியும்போதே தண்ணீர் உண்டாகிறது. ஒரு லீற்றர் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர், ஆவியாக. பெரும்பங்கு புகைக்குழாயால் போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயில் இருக்கும் அறைக்குள் இறங்கி, எரிபொருளிலுள்ள ஈயச் சேர்மங்களின் கழிவோடு கலந்து அமிலமாகிறது. ஒயில் நன்றாகச் சுட்டால்தான் அந்தத் தண்ணீர் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே வெளியேறும்.

ஆகவே "கிழமைக்கொருக்கா பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைத்தால் போதும்" என்ற பழக்கத்தை உடனே கைவிட வேண்டும். தரையில் ஓடும் எஞ்சினில் சிலிண்டர் தலை கொதிக்கும், ஒயிலோ போதிய சூட்டை எட்டாது. பத்து நிமிஷத்தில் புதிய தண்ணீரைச் சேர்த்துவிட்டு நிறுத்துகிறோம், அவ்வளவுதான். புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவைப்பதும் நன்மை தராது. சிலிண்டர் சுவரில் மிஞ்சியிருக்கும் ஒயில் படலத்தை வளையங்கள் வழித்தெடுத்துவிடும்.

சிறு விமான எஞ்சின்களைச் செய்யும் லைகமிங் நிறுவனத்தின் வழிகாட்டல் தெளிவானது. 30 நாட்களுக்குள் ஒரு தடவையாவது, ஒயில் 74 முதல் 93 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் இருக்க, தொடர்ந்து ஒரு மணித்தியாலம் பறக்க வேண்டும். ஈரப்பதன் கூடிய இடங்களில் இரண்டே நாள் ஓடாமல் நின்ற புதிய எஞ்சினின் சிலிண்டர் சுவரிலும் கறள் கண்டதாக அதே நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் மட்டக்களப்புக்கு 30 நாள் கணக்கு சரிவராது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வதே எங்கள் கருத்து. கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையம் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர். பழைய செஸ்னா 172க்குப் போக ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல், வர அதே அளவு. எரிபொருளை அங்கேயே நிரப்பிக்கொண்டு வரலாம் என்பதால் அந்தப் பயணம் இரு வகையிலும் பயன்.

கறள் எங்கே முதலில் பிடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்றவற்றில் வரும் லைகமிங் ஓ-320 எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு, கிராங்க் தண்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் அதிலிருந்து ஒயில் வடியத் தொடங்கும். நாட்கள் போகப் போகத் தண்டு வெறுமையாகிவிடும். அதில் ஊசிமுனை அளவு கறட்புள்ளி விழுந்தால் போதும். அடுத்த தடவை ஓடும்போது புள்ளி குழியாகி, குழி உரசி, கேம் தண்டின்மேல் உரசி வால்வைத் தள்ளும் டப்பெட்டின் முகம் உரிந்துபோகும். வால்வு திறக்கும் உயரம் குறையும், எஞ்சினின் வலு குறையும், உரிந்த உருக்குத்தூள் ஒயிலோடு சுற்றும். இதைத் திருத்த எஞ்சினை இறக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

விற்பனை விளம்பரத்தில் "குறைந்த மணித்தியாலம் ஓடிய எஞ்சின்" என்று கண்டால் மகிழாமல் கவனமாகப் பாருங்கள். லைகமிங் பெரும்பாலான ஓ-320களுக்குத் தரும் முழுப் புதுப்பிப்பு எல்லை 2,000 மணித்தியாலம் அல்லது 12 வருடம், இதில் எது முந்துகிறதோ அது. வருடக்கணக்கில் ஹங்கரில் தூங்கிய 300 மணித்தியால எஞ்சினைவிட, ஒரு பயிற்சிப் பாடசாலையில் தினமும் பறந்த 1,500 மணித்தியால எஞ்சின் நல்ல நிலையில் இருக்கக்கூடும். காசு கொடுக்கும் முன் போரஸ்கோப் என்னும் மெல்லிய உட்பார்வைக் கருவியை விட்டு சிலிண்டர் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேம் தண்டையே கண்ணால் பாருங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் பறக்க வழியில்லை என்று தெரிந்தால் எஞ்சினைப் பாதுகாப்பு நிலையில் வைக்க வேண்டும். கறள் தடுக்கும் பாதுகாப்பு ஒயில் ஊற்றிச் சூடாகும்வரை ஓட்டி, மேல் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சுமார் 60 மில்லிலீற்றர் அதே ஒயிலைத் தெளித்து, பிளக் இருந்த இடத்தில் சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்பிளக்குகளைப் பூட்ட வேண்டும். காற்று உள்வாங்கும் வாய், புகைக்குழாய், மூச்சுக்குழாய் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அதன்பின் புரொப்பெல்லரில் யாரும் கைவைக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். சிலிக்கா ஜெல் நீலமாக இருந்தால் நல்லது, இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். 15 நாளுக்கு ஒருமுறை பார்க்கும்படி லைகமிங் சொல்கிறது. மாரியில் அதற்கு முன்பே நிறம் மாறிவிடலாம்.

ஒயில் மாற்றும் கணக்கும் மணித்தியாலத்தை மட்டும் பொறுத்ததல்ல. முழு ஒயில் பில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணித்தியாலம், வலைச்சல்லடை மட்டும் உள்ளதற்கு 25 மணித்தியாலம். இரண்டுக்கும் பொது, நான்கு மாதம் ஆனால் மாற்றியே ஆக வேண்டும். குறைவாகப் பறக்கும் உரிமையாளர்கள் தவறவிடுவது இந்த நான்கு மாதத்தைத்தான். ஓ-320 கொள்ளும் ஒயில் 8 குவாட், அதாவது ஏறத்தாழ ஏழரை லீற்றர். கார் ஒயில் கூடவே கூடாது. அதிலுள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்து சாம்பலாகிச் சிலிண்டருக்குள் கனன்றுகொண்டிருக்க, தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். கழற்றிய பில்டரை எறிந்துவிடாமல் வெட்டித் திறந்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுங்கும் துகள்களில் காந்தத்தைக் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டினால் உருக்கு. அப்படியானால் அந்த விமானம் அன்று பறக்கக் கூடாது, பொறியியலாளர் பார்க்க வேண்டும்.

இனி எரிபொருள். பிஸ்டன் எஞ்சினுக்கு வேண்டியது 100எல்எல் என்னும் நீல நிற விமானப் பெற்றோல். கரவான் போன்ற டர்பைன் விமானங்கள் குடிப்பது ஜெட் ஏ-1, அது மண்ணெண்ணெய் இனம். ஒரே தரிப்பிடத்துக்கு இரண்டு வகையும் வந்துபோனால் கைமாறிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. பெற்றோல் எஞ்சினுக்குள் ஜெட் எரிபொருள் போனால், தாங்கிக் குழாயில் மிஞ்சிய நல்ல பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, மேலெழும்பும் நேரத்தில் சிலிண்டருக்குள் வெடித்து எஞ்சினை உடைக்கும். சந்தேகம் வந்தால் வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விடுங்கள். விமானப் பெற்றோல் சற்று நேரத்தில் சுவடில்லாமல் காய்ந்துவிடும். ஜெட் கலந்திருந்தால் எண்ணெய் வட்டம் நிற்கும்.

தண்ணீர் இன்னொரு தொல்லை. அரைத் தாங்கியோடு இரவில் நிறுத்தினால் மீதி இடத்திலுள்ள ஈரக்காற்று வியர்த்துத் தாங்கிக்குள் சொட்டும். சுமை இடம் கொடுத்தால் மாலையிலேயே நிரப்பி நிறுத்துவது நல்லது. பழைய மூடிகளின் றப்பர் வெடித்திருந்தால் மழைத்தண்ணீரும் இறங்கும். ஒவ்வொரு நாளும் முதற் பறப்புக்கு முன்னும், எரிபொருள் நிரப்பிய பின்னும், எல்லா வடிகால்களிலும் தெளிவான கிண்ணத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் அடியில் நிற்கும், நீலப் பெற்றோல் மேலே நிற்கும். கிண்ணம் முழுவதுமே தண்ணீரென்றால் இடையில் கோடு தெரியாது, நிறமும் இருக்காது. அவசரத்தில் அதைத் "தெளிவான பெற்றோல்" என்று எண்ணி விடுபவர்கள் உண்டு. ஆகவே நீலத்தைத் தேடுங்கள். பரலிலிருந்து கைப்பம்பால் நிரப்புவதானால் பரலையும் விமானத்தையும் செம்புக் கம்பியால் இணைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். நிலைமின் பொறி ஒன்று போதும் எல்லாம் எரிந்துபோக.

குளவியைப் பற்றி விமானக் கைந்நூல்கள் சுருக்கமாகவே பேசுகின்றன. நம் ஊரில் அது பெரிய விஷயம். மண்கூடு கட்டும் குளவிக்கு, வேகத்தை அளக்க எதிர்காற்றை வாங்கும் பிட்டோ குழாயும் தாங்கியின் காற்றுத்துளையும் அளவெடுத்துச் செய்த வீடுகள். பிட்டோ அடைபட்டால் வேகமானி பொய் சொல்லும். காற்றுத்துளை அடைபட்டால் தாங்கியிலிருந்து பெற்றோல் இறங்காமல் நடுவானில் எஞ்சின் நிற்கும். 1996இல் டொமினிக்கன் குடியரசுக்கு அருகே பேர்ஜென்எயார் போயிங் 757 விழுந்து 189 பேர் இறந்ததற்குக் காரணம் அடைபட்ட பிட்டோ குழாய். குளவிக்கூடே அதை அடைத்ததாகக் கருதப்படுகிறது. அதே வருடம் பெரு நாட்டில் இன்னொரு 757, கழுவும்போது நிலையழுத்தத் துளைகளில் (உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொடுப்பவை) ஒட்டிய டேப்பை எடுக்காமல் பறந்து 70 பேர் இறந்தார்கள். மூடி போட வேண்டும், அந்த மூடியில் சிவப்பு நாடா நீளமாகத் தொங்க வேண்டும், பறக்கும் முன் எடுத்ததைக் கையால் தொட்டு உறுதிப்படுத்த வேண்டும். எஞ்சின் மூடிக்குள் மைனா கூடு கட்டுவதற்கும் இரண்டு நாள் தாராளம். வைக்கோலும் சருகும் சூடான புகைக்குழாயருகே கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வெயில் ஊரில், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரில் பனிக்கட்டி பிடிக்குமா என்று பலர் நம்பமாட்டார்கள். பிடிக்கும். பெற்றோல் ஆவியாகும்போதும், குறுகிய வாயால் காற்று விரியும்போதும் உள்ளே 20 பாகைக்கு மேல் சூடு இறங்கக்கூடும். வெளியே 27 பாகையும் வாவியின் ஈரமும் இருந்தால், வலுவைக் குறைத்து இறங்கும் நேரம்தான் மிக ஆபத்தானது. இலைகளின் கோணம் மாறாத புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் சுழற்சி வேகம் மெல்ல மெல்லக் குறைவதே அடையாளம். வலுவைக் கட்டுப்படுத்தும் திரொட்டிலைக் குறைக்கும் முன், சூடான காற்றை உள்ளே விடும் கார்பரேட்டர் சூட்டை முழுமையாகத் திறக்க வேண்டும், பாதி திறப்பது உதவாது. பனி உருகும்போது எஞ்சின் சிறிது நேரம் இருமும். அதைக் கண்டு பயந்து சூட்டை மூடிவிடக் கூடாது.

பிளக்குகளுக்குத் தீப்பொறி தருபவை இரண்டு மக்னெட்டோக்கள். பறக்கும் முன் மக்னெட்டோச் சோதனையில் பெரும்பாலோர் சுழற்சி எவ்வளவு விழுகிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். செஸ்னா 172என் கைந்நூல்படி நிமிடத்துக்கு 1,700 சுழற்சியில் ஒன்றை நிறுத்தினால் 125க்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்குமிடையே 50க்கு மேல் வித்தியாசம் கூடாது. ஆனால் சற்றும் விழாவிட்டால் அது நல்ல செய்தி அல்ல. அணைத்த மக்னெட்டோ அணையவில்லை, அதன் தரைக்கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். சாவியை எடுத்த பிறகும் யாராவது புரொப்பெல்லரைச் சுற்றினால் எஞ்சின் திடீரென இயங்கக்கூடும். எஞ்சின் கரடுமுரடாக ஓடினால் பெரும்பாலும் கீழ்ப் பிளக்கில் ஈயமணிகள் அடைத்திருக்கும். தரையில் ஓடும்போது கலவையை ஒல்லியாக்கி, அதாவது பெற்றோலின் பங்கைக் குறைத்து வைத்தால் இது வெகுவாகக் குறையும்.

உடலுக்கு வருவோம். கடற்காற்றில் நின்ற விமானத்தை நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவி, வடிதுளைகள் திறந்திருக்கின்றனவா என்று குச்சியால் பார்க்க வேண்டும். உப்புத்தண்ணீர் கலந்த கிணற்று நீரால் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம். அலுமினியத் தகட்டில் உருக்கு ஆணி தொடும் இடங்களிலும், மூடிகளின் ஓரங்களிலும் பூச்சுக்கடியில் புழு ஊர்ந்தது போன்ற கோடு தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. கட்டுப்பாட்டுக் கேபிள்களில் பழந்துணியை வைத்து இழுத்துப் பாருங்கள், துணி சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. கப்பியின்மேல் வளையும் இடத்தில்தான் அது முதலில் அறும்.

கட்டிவைப்பதற்குத் தும்புக்கயிறு ஆகாது, நனைந்தும் காய்ந்தும் இற்றுவிடும். நைலோன் கயிறோ சங்கிலியோ வேண்டும். இரண்டு சிறகிலும் வாலிலும் கட்டி, சுக்கான்களைப் பூட்டி, சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊர் இது. சூறாவளி எச்சரிக்கை வந்தால் கயிறை நம்பாமல் விமானத்தை வேறிடம் கொண்டுபோங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் 32 பாகையில், கடல்மட்டத்திலிருக்கும் நமது ஓடுபாதை விமானத்துக்குச் சுமார் 2,000 அடி உயரத்து ஓடுபாதை போலவே தோன்றும். மேலெழும்பும் தூரம் கூடும். நான்கு இருக்கை இருக்கிறதென்று நான்கு பேரையும் பொதிகளையும் ஏற்றித் தாங்கியையும் நிரப்பினால் பெரும்பாலான பழைய 172கள் சுமை எல்லையைத் தாண்டிவிடும்.

இங்கே விமானம் வைக்க விரும்புவோர் ஒன்றுசேர்ந்து சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடமும் விமான நிலைய நிர்வாகத்திடமும் கேட்க வேண்டியவை அதிகமில்லை. காற்றோட்டமுள்ள கூரை, விமானத்துக்கு மூன்றாகக் கொங்கிறீட்டில் பதித்த வளையங்கள், பெற்றோலுக்கும் ஜெட்டுக்கும் எட்டத்தில் தனித்தனி இடமும் தனித்தனி நிறப் பெயர்ப்பலகையும், தரிப்பிடத்தருகே ஒரு நல்ல தண்ணீர்க் குழாய். ஒன்றுதான் கிடைக்குமென்றால் குழாயை முதலில் கேட்போம். செலவு மிகக் குறைந்ததும் நாளைக்கே பயன்படுவதும் அதுதான்.

இங்ஙனம்,
சிறு விமானப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ளோர்,
மட்டக்களப்பு.