கிராணி மகனும் நீல அட்டை நோட்டும்

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

எழுதி எட்டு மாதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முட்டி வலி பரவாயில்லை, மகள் ஈப்போவிலேயே வேலையில் இருக்கிறாள். அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

நேற்று போனில் கேட்டாயே, "பேராசிரியராக இருந்தவன் சாமியார் கொட்டகையில் கஞ்சி ஊற்றுகிறானாமே, புத்தி பிசகிவிட்டதா" என்று. பஸ் நிலையத்தில் நின்றதால் பதில் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன். ஆமாம், தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த நம் கிராணியின் மகன்தான் ஊற்றுகிறான். நீ சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. நீ சாமியார் என்கிற அந்தப் பெரியவரை நீயும் மறந்திருக்க மாட்டாய். தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் விளக்கேற்றிப் பேசாமல் உட்கார்ந்திருப்பார், நாம் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்து உன் அப்பாவிடம் அடி வாங்கினோமே, அவர்தான். இன்று அந்த லயம் இல்லை, ரப்பர் பால்மரம் நின்ற இடமெல்லாம் எண்ணெய்ச் செம்பனை. அவர் மட்டும் வள்ளலார் வழியை விடாமல் மாதப் பூசத்தன்று கஞ்சி காய்ச்சுகிறார். கொட்டகைக்கு வருவது இருபது குடும்பம் இருக்கும், பாதிப் பேர் தோட்டம் மூடியபோது வீடில்லாமல் நின்றவர்கள்.

கிராணி மகன் அங்கே சும்மா போய் உட்காரவில்லை. நிலத்துக்கு அனுமதி கேட்டு மலாயில் மனு எழுதினான், கணக்கு எழுதுகிறான், பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்கிறான். எல்லாவற்றுக்கும் மேல், பெரியவர் பேசுவதை நீல அட்டை நோட்டில் எழுதி வைக்கிறான், அது புத்தகமாகப் போகிறது. படித்தவன் ஒருவன் பக்கத்தில் நிற்கிறான் என்றதும் ஊர்க்காரர்கள் பெரியவரைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

இதைப் பார்க்கும்போது எனக்குத் தொழுவூர் வேலாயுத முதலியார் ஞாபகம்தான் வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர் அவர். 1849லேயே வள்ளலாரிடம் சீடராகச் சேர்ந்தவர். ஏட்டிலும் தாளிலும் சிதறிக் கிடந்த பாடல்களைத் திருமுறைகளாக வகுத்து 1867இல் திருவருட்பாவை அச்சுக்குக் கொண்டுவந்தார். வடலூரில் தருமசாலை தொடங்கியதும் அதே வருடம் மே மாதம்தான். ஒரே வருடத்தில் புத்தகமும் வந்தது, அடுப்பும் எரிந்தது. இராமலிங்கசாமி என்று பேர் போடுவது ஆரவாரம், வேண்டாம் என்று வள்ளலார் தடுத்தும், திருவருட்பிரகாச வள்ளலார் என்ற பெயரைப் போட்டவர் இவர். ஆறுமுக நாவலர் தரப்பு இது அருட்பாவே இல்லை என்று கிளம்பியபோதும் விட்டு விலகவில்லை. 1882இல் பிரம்மஞான சபையாருக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் குருவின் பெருமையோடு நிறுத்தாமல், தான் சொன்னதை யாரும் கேட்டு நடக்கவில்லையே என்று வள்ளலார் வருந்தியதையும் சேர்த்தே சொன்னார். சீடராக இருந்துகொண்டு அதைச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும், யோசித்துப் பார்.

அப்புறம் ஒன்று இருக்கிறது, என் தூக்கம் கெட்டதே அதனால்தான். சாதியையும் சமயத்தையும் சாத்திரத்தையும் வள்ளலார் தள்ளிப் பாடியது ஆறாம் திருமுறையில்தான் அதிகம். அது மட்டும் வேலாயுதனார் கையால் வரவில்லை. 1885இல் வேறு அன்பர்கள் அச்சிட்டார்கள், அப்போது இவர் உயிரோடுதான் இருந்தார். அவர் மனதில் என்ன இருந்ததோ, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வள்ளலார் சித்தி வளாகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மறைந்தது 1874இல். பதினொரு வருடம் அந்தப் பாடல்கள் புத்தகமாகாமல் இருந்திருக்கின்றன.

போன வாரம் கிராணி மகன் அந்த நீல நோட்டை என்னிடம் காட்டினான். அதில் பதினாறு பக்கம், புத்தகத்தில் வர வேண்டாம் என்று, பென்சிலால் குறுக்கே கோடு போட்டிருக்கிறான். என்னவென்று பார்த்தால், நம் தோட்டத்துக் கோயிலில் யார் யார் வீட்டுப் பாலை அபிஷேகத்துக்கு எடுக்காமல் திருப்பி அனுப்பினார்கள், யாரைப் பந்தியில் தனியாக உட்கார வைத்தார்கள் என்று பெரியவர் பேர் சொல்லாமல் சொன்னதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. உன் பாட்டி பால் செம்போடு திரும்பி வந்ததும் அதில் வருகிறது. படித்துவிட்டு நான் வெளியே போய் நின்றுவிட்டேன். கேட்டதற்கு, "கொட்டகைக்கு மாதம் இரண்டு மூட்டை அரிசி தருகிறவர் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார், அவர் கை விட்டால் இந்த ஜனங்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்" என்கிறான். அவன் பயப்படுவது தனக்காக இல்லை, அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது, அவர் போன பிறகு அந்தப் பதினாறு பக்கத்தை யார் திரும்பச் சொல்வார்கள்? பெரியவரிடமே கேட்டேன், "சொன்னது நான், எழுதுவது அவர் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

நான் சொன்னால் அவன் வாதம் பண்ணுகிறான். சின்ன வயதிலிருந்தே நீ சொன்னால் கேட்பான், அதிலும் இது உன் பாட்டி கதை. அடுத்த பூசத்துக்கு முந்தின நாளே வந்துவிடு, அச்சுக்கூடத்துக்கு அவன் நோட்டைக் கொடுப்பது அதற்கு மறுவாரம். அரிசிக்கு நீயும் நானும் பழைய பள்ளிக்கூட நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்தால் மாதம் இரண்டு மூட்டை பெரிய காரியமில்லை, அதையும் அவனிடம் நேரில் சொல்லலாம். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள உனக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பஸ் ஏறியதும் போன் பண்ணு.

உன்
மேட்டு லயத்தான்