வளாகத்தில் மரம் நட ஜூன் வேண்டாம், ஐப்பசி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் இருக்கிற உயர்கல்வி வளாகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து ஜூன் 5ஆம் திகதி மரம் நடாதீர்கள்.

உலக சுற்றாடல் தினம் 1972இல் ஸ்டொக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டோடு வந்த நாள், அடுத்த வருடத்திலிருந்து கொண்டாடுகிறார்கள். நல்ல நாள்தான், கொண்டாடட்டும். ஆனால் அந்த நேரம் கொழும்பிலும் இரத்தினபுரியிலும் தென்மேற்குப் பருவமழை பெய்யும், இங்கே சோளகம் என்கிற வறண்ட காற்று அடிக்கும். வைகாசியில் தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் அந்தக் காற்று மண்ணில் கிடக்கிற கொஞ்ச ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் செம்மண் காய்ந்தால் எப்படி இறுகும் என்று மண்வெட்டி பிடித்தவர்களுக்குத் தெரியும், அலவாங்கு இல்லாமல் குழி கிண்ட முடியாது. அந்தக் குழிக்குள் ஒரு முழ உயரக் கன்றை வைத்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, படம் எடுத்துவிட்டுப் போனால் அது எப்படித் தப்பும்?

போன ஆவணியில் மகளை விடுதியில் விடப் போனபோது ஒரு வளாகத்தின் உள் வீதியோரம் நடந்து பார்த்தேன். வரிசையாகக் கம்பிக் கூடுகள், ஒவ்வொன்றிலும் நட்டவரின் பெயரும் பதவியும் எழுதிய பலகை. கூட்டுக்குள் இருந்தவை பெரும்பாலும் காய்ந்த குச்சிகள். ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தேன், அப்படியே கையோடு வந்தது, வேரைச் சுற்றி அந்தக் கறுப்புப் பொலித்தீன் பை கழற்றாமலே இருந்தது. நாற்றுமேடையில் மாதக்கணக்காக ஒருவர் தண்ணீர் விட்டு வளர்த்த கன்று அது. மனது சரியில்லாமல்தான் வீடு வந்தேன்.

இதில் இன்னும் கவலை என்னவென்றால், கட்டடம் கட்ட வரும்போது முதலில் நிற்கிற காட்டை டோசர் போட்டுத் தள்ளிவிடுகிறார்கள். பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று யாரும் தண்ணீர் ஊற்றாமல் எத்தனையோ கோடையைத் தாண்டி நின்ற மரங்கள் அவை. ஒரு பாலை மரம் ஆள் உயரம் வரவே வருடக்கணக்காகும். பாலைப்பழம் பழுக்கிற காலத்தில், உதடு பால் பிடித்து ஒட்டிக்கொண்டாலும் விடாமல் தின்ற பிள்ளைகள்தான் இந்த ஊர்களில் வளர்ந்தவர்கள், கரடியும் குரங்கும் பறவையும் அதே மரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் மகோகனிக் கன்று நட்டுப் பசுமை வளாகம் என்று பலகை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வரைபடம் போடும்போதே நிற்கிற பெரிய மரங்களைக் குறித்து, கட்டடத்தைப் பத்தடி தள்ளிப் போடலாம். நட்டு வளர்ப்பதை விட அது செலவு குறைந்த வேலையும்கூட.

சரி, எப்போது நடுவது? எங்களுக்கு மழை வடகீழ்ப் பருவத்தில்தான். ஐப்பசி பாதியில் மண் நனையும், கார்த்திகை, மார்கழியில் குளங்கள் நிரம்பும், இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று செய்தி வரும். ஐப்பசியில் வைத்த கன்றுக்குத் தை வரைக்கும் வானமே தண்ணீர் விடும், அதற்குள் வேர் கீழே இறங்கிவிடும். வடமாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததும் இதனால்தான். ஜூன் 5இல் வேறு வேலை செய்யலாமே. விதை சேர்க்கலாம், குழிக்கு இடம் பார்க்கலாம், போன வருடம் வைத்த கன்றில் எத்தனை உயிரோடு நிற்கிறது என்று மாணவர்களைக் கொண்டு எண்ணி, அந்தக் கணக்கை அறிவித்தல் பலகையில் போடலாம். எத்தனை நட்டோம் என்ற கணக்கு எனக்கு வேண்டாம், எத்தனை தப்பியது என்பதுதான் வேண்டும்.

முதல் இரண்டு கோடைக்கும் கன்றைப் பார்க்க ஆள் வேண்டும். இங்கே நிலத்தடி நீர் சுண்ணாம்பும் உப்பும் கூடின கல்லுத் தண்ணீர், அதனால் குடிநீருக்கு எல்லா இடமும் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து கழிந்து வரும் தண்ணீரைச் சிலர் கன்றுக்கு விடுகிறார்கள், அதில் உப்பு இன்னும் கூட, இளங்கன்று தாங்காது, அதை மலசலகூடம் கழுவ எடுங்கள். கன்றுக்குக் கன்ரீனில் அரிசி, மரக்கறி கழுவுகிற தண்ணீர் போதும். அப்புறம், வளாகத்தில் கூட்டிய சருகை மூலையில் குவித்துக் கொளுத்துவதை நிறுத்தி அதைக் கன்றின் அடியில் மூடாக்காகப் போட்டால் ஊற்றுகிற தண்ணீரும் பாதியாகக் குறையும். அந்தச் சருகோடு சேர்த்துச் சொப்பின் பையையும் கொளுத்துகிறார்கள், அந்தப் புகை விடுதிக்குள் போவதை நானே பார்த்தேன்.

இதெல்லாம் தெரியாதவர்கள் இல்லை அங்கே. கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடம் இருக்கிறது, 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மரத்தைப் படிப்பு முடியும்வரை பொறுப்பாகக் கொடுங்கள், வெளியேறும்போது அடுத்த அணிக்குக் கைமாற்றட்டும். நிர்வாகம் செய்ய வேண்டியது மரம் நடுகிற நாளை மாற்றுவதும், பிரதம விருந்தினருக்காகக் காத்திருக்காமல் முதல் மழையோடு நடுவதும்தான்.

ஆடு மாடு வராமல் கம்பிக் கூடு வாங்கக் காசில்லை என்றால் அதையும் ஒரு காரணமாகச் சொல்ல வேண்டாம். முள்ளு அலம்பல் வெட்டிக் கட்டித்தர ஊரில் ஆட்கள் இருக்கிறோம், புரட்டாதி கடைசியில் ஒரு சொல் அனுப்பினால் வருவோம்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
நெடுங்கேணி