கருவி அறைச் சாவியைத் துறையிடம் கொடுங்கள்

எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

மையக் கருவி அறை இனிச் செவ்வாய், வியாழன் முற்பகலில் மட்டுமே திறக்கும், அவசரமென்றால் மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பி அளந்துகொள்ளலாம் என்று சென்ற வாரம் சுற்றறிக்கை வந்தது. காரணம் மின்கட்டணம் என்பது தெரியும். அதைப் பற்றி முன்பே பேசியிருக்கிறோம். நான் கேட்பது ஒன்றுதான். வேலை நாட்களில் மாலை ஆறு மணி வரை அந்தச் சாவி இயற்பியல் துறையிடம் இருக்கட்டும்.

மின்கடத்தும் பாலிமர்களில், அதாவது மின்சாரத்தைக் கடத்தும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளில், ஆய்வு செய்யும் என் மாணவி குளச்சலிலிருந்து பஸ்ஸில் வருகிறார். அனிலினைப் புதிதாகக் காய்ச்சி வடித்து, பனிக்கட்டியில் குளிரவைத்த அமிலக் கரைசலில் அம்மோனியம் பெர்சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடித் தகட்டில் பாலிஅனிலின் என்ற பாலிமரின் பச்சைப் படலம் படியவைத்து அலசி முடிக்க ஒரு பகல் போய்விடுகிறது. அம்மோனியா ஆவி பட்டால் அந்தப் படலம் நீலமாகும். அமில ஆவி பட்டால் மறுபடி பச்சையாகும். நிறம் மாறும் அந்தச் சில நிமிடங்களுக்குள்தான் எங்கள் ஆய்வே இருக்கிறது. பச்சையாகும்போது 600 நானோமீட்டர் அருகிலுள்ள ஒளி உறிஞ்சல் தாழ்ந்து, 800 அருகே புதிதாக ஒன்று எழும். போலரான் பிறந்ததற்கு அதுவே அடையாளம். பாலிமர்ச் சங்கிலியில் வந்த மின்சுமை சுற்றியுள்ள பிணைப்புகளின் நீளத்தை மாற்றி, அந்த உருமாற்றத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நகர்கிறது. அந்தச் சேர்க்கையைத்தான் போலரான் என்கிறோம். அதை அது நிகழும்போதே பார்க்க வேண்டும்.

சென்ற புதன்கிழமை படலம் தயாரானபோது அறை பூட்டியிருந்தது. ஈரம் உறிஞ்சும் ஜாடிக்குள் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஜாடியின் அடியிலிருந்த நீலச் சிலிக்கா மணிகள் முழுவதும் வெளிறிய இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. ஈரம் ஏறினால் பாலிஅனிலினின் கடத்துதிறன் மாறிவிடும். பிறகு அளந்து வரும் எண், மின்சாரம் கடத்துவதற்காக நாங்கள் பிற பொருள் சேர்க்கும் மாசூட்டலைச் சொல்கிறதா, சாரலைச் சொல்கிறதா? அயோடின் ஏற்றிய பாலிதயோபீன் என்ற இன்னொரு மின்கடத்தும் பாலிமர் இன்னும் சிக்கல். அயோடின் மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். கூரியரில் போய்ச் சேரும்போது அது வேறு பொருளாகியிருக்கும்.

1976 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ஷிராகவாவும் சியாங்கும் பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமர்ப் படலத்தில் புரோமின் ஆவியைச் செலுத்தியபோது, சில நிமிடங்களில் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு ஏறியது. படலத்தில் அளவிடும் கம்பிகள் பொருத்தப்பட்டிருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. 2000இல் ஹீகர், மக்டியார்மிட், ஷிராகவா மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த மின்கடத்தும் பாலிமர்களுக்காகத்தான்.

நம் சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் அதே கருவி அறையின் படம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சேர்கிறார்கள். சேர்ந்தபின் ஒரு அளவீட்டுக்காகத் திருவனந்தபுரத்துக்கு அலைகிறார்கள். படிப்பில் முன்னிற்கும் மாவட்டம் என்று ஒவ்வொரு விழா மேடையிலும் சொல்லிக்கொள்கிறோமே, பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பெருமையால் என்ன பயன்? வாங்கிய கருவியைப் பூட்டி வைப்பது சிக்கனமாகுமா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பதைப் பணிவோடுதான் கேட்கிறேன். மாலை ஆறு மணி வரை சாவி எங்களிடம் இருக்கட்டும். பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுப்போம். கருவி பழுதானால் துறை பொறுப்பேற்கும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே உத்தரவு பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை,
நாகர்கோவில்