தம்பிக்கு, லண்டன் பெல்தத்திலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக்கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் பேப்பரும் பேனையுமாக மேசையில் வந்து இருந்தேன். நீ தமிழ் வாசிப்பாய். இரவு வேலை முடித்து வந்து, நித்திரை கொள்ளாமல் சனிக்கிழமை தோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன அப்பா சொல்கிறேன், நீ நன்றாகவே வாசிப்பாய்.

அம்மாவின் முழங்கால் நோ பரவாயில்லை. பின்வளவு வேலி காற்றுக்குச் சரிந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து நிமிர்த்த வேண்டும். எடின்பரோவில் குளிர் தொடங்கியிருக்கும். கழுத்துக்கு மப்ளர் கட்டாமல் வெளியே போகாதே. கடையில் வாங்கிச் சாப்பிடாமல் ஒரு சோறு கறியாவது சமைத்துச் சாப்பிடு.

தங்கச்சி தன்னுடைய போனில் ஒரு படம் காட்டினாள். செப்டெம்பரில் நீ சுவிஸுக்குப் போய், மொந்த்ரூவில் ஏரிக்கரையில் இருக்கிற அந்தச் சிலைக்கு முன்னால் எடுத்த படம். ஒரு கையை உயர்த்திக்கொண்டு குயின் பாட்டுக்குழுவின் பாடகர் பிரெடி மேர்க்குரி தண்ணீரைப் பார்த்து நிற்கிறார், காலடியில் பூ. நீ சிரிக்கிறாய். நீ இப்படிப் பல்லுத் தெரியச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடம். உன் தோளில் கை போட்டு நிற்கிறவரையும் பார்த்தேன். நல்ல முகம். அவர் போட்டிருக்கிற ஜக்கெற் ஏரிக்காற்றுக்குப் போதாது போல இருந்தது. அவரையும் மப்ளர் கட்டச் சொல்.

சரி, நான் எழுத வந்தது குயினைப் பற்றி. அப்பாவுக்கு அந்தப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பாய். தம்பி, பெல்தத்தில் நாற்பது வருடமாக இருக்கிறவனுக்குக் கொஞ்சம் தெரியும். ஆபிரிக்காவில் சான்சிபாரில் 1964இல் புரட்சி வந்தபோது ஊரை விட்டு ஓடி வந்த குடும்பம் பிரெடியுடையது. எங்கள் தெருவிலிருந்து நடை தூரத்தில், கிளாட்ஸ்டன் அவென்யூ 22ஆம் இலக்கத்தில், ஒட்டுவீடு ஒன்றில் இருந்தார்கள். அப்போது பிரெடிக்குப் பதினேழு வயது, பெயர் பரூக் புல்சாரா. எட்டு வயதிலேயே இந்தியாவில் பஞ்ச்கனி விடுதிப் பள்ளிக்கூடத்துக்குக் கப்பலேற்றி அனுப்பிய பிள்ளை. இங்கே வந்து, விடுமுறைகளில் ஹீத்ரோவில் வேலை செய்திருக்கிறார். நான் இருபத்தாறு வருடம் விமானச் சாப்பாட்டுத் தட்டுக் கழுவிய அதே ஹீத்ரோ.

2016இல் அந்த வீட்டுக்கு, அவர் இருந்த வீடு என்று நீல வட்டப் பலகை வைத்தார்கள். நான் பின்னேரம் நடக்கப் போகிற வழி அது. எப்போது போனாலும் யாராவது ஒருவர் எதிர் நடைபாதையில் நின்று அந்தச் சின்ன வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். போன மாதம் ஒரு பெண்பிள்ளை, ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்தவள், தன்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள். வயதைக் கேட்டேன், பத்தொன்பது என்றாள். அவர் செத்துப் பத்து வருடத்துக்குமேல் கழித்துப் பிறந்த பிள்ளை. படம் எடுக்கும்போது சிரித்தாள். போனைத் திருப்பி வாங்கும்போது கண் கலங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “உங்கட மகனும் அப்படித்தானே அழுதவன்” என்றா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

குயினின் கிற்றார்காரர் பிரையன் மேயும் பெல்தம் பிள்ளைதான். இரண்டு பேரும் சில நூறு யார் தூரத்தில் இருந்தும் அந்த நாட்களில் ஒருவரை ஒருவர் தெரியாது. மேயின் கிற்றார் கதை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு அது பிடிக்கும். கிற்றார் வாங்கக் காசில்லாமல் தகப்பனும் மகனுமாக வீட்டிலேயே செய்தார்கள். கழுத்துக்குப் பழைய கணப்படுப்புப் பலகை, உள்ளே மோட்டார் சைக்கிள் சுருள்வில்லு, தாயின் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான். இரண்டு வருட வேலை. இன்றுவரை அந்தக் கிற்றார்தான், அதை ஆறு பென்ஸ் நாணயத்தால்தான் மீட்டுகிறார்.

ஆனால் அதே தகப்பன், மகன் விண்வெளிப் படிப்பை இடையில் விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போனபோது மனம் உடைந்துபோனார். கிற்றாரைச் செய்து கொடுத்தவரே அதை வாசிக்கப் போனதற்குக் கோபப்பட்டார். பிறகு மகன் கொன்கோர்ட் விமானத்தில் தாய் தகப்பனை நியூயோர்க்குக்கு அழைத்து, மடிசன் ஸ்குயர் கார்டனில் நிறைந்த சபையின் முன்னால் தான் வாசிப்பதைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் தகப்பனுக்கு விளங்கியது என்று மகனே சொல்லியிருக்கிறார். 2007இல் மேய் அந்தப் படிப்பையும் முடித்துக் கலாநிதிப் பட்டம் வாங்கினார். நீ அக்கவுண்டன்சியை விட்டதைச் சொல்ல இதை எழுதவில்லை. அது போகட்டும். தகப்பன்மாருக்கு விளங்க நேரம் எடுக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் ஒரு போன் எடுத்து “அப்பா, இருக்கிறன்” என்று சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? ஐந்து மாதமா?

1985 யூலை 13 உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, உனக்கு ஐந்து வயது. நாங்கள் வந்து ஒரு வருடம்தான். ஒரே அறை, வாடகைக்கு எடுத்த ரி.வி., கொழும்பில் எரிந்த வீட்டை நினைத்து அம்மா இன்னும் இரவில் திடுக்கிட்டு எழும்புகிற காலம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக வெம்ப்ளியில் லைவ் எய்ட். நான் கட்டிலில் சாய்ந்து அரை நித்திரையில் இருந்தேன். வெள்ளைப் பனியனோடு அந்த மனிதன் மேடைக்கு வந்தார். இருபது நிமிடம்தான். எழுபதாயிரம் பேர் கைகளை ஒரே நேரத்தில் மேலே கொண்டுபோய் இரண்டு தட்டுத் தட்டினார்கள், காற்றடித்த வயல் மாதிரி. திரும்பிப் பார்த்தால் நீ சோபாவில் ஏறி நின்று, அந்தப் பிஞ்சுக் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, பிழையில்லாமல் அவர்களோடு தட்டிக்கொண்டிருந்தாய். அந்த ஊரில் நாங்கள் யாரையும் அறியோம். நீ ஏதோ எல்லாரையும் அறிந்தவன் போல நின்றாய்.

அந்தக் கைதட்டலைப் பற்றி நான் இப்போது நிறைய யோசிக்கிறேன். குயின்காரர் பாட்டில் சனத்துக்கு இடம் விட்டார்கள். 1977இல் இங்கிலாந்தில் ஒரு கச்சேரி முடிந்த பிறகும் கூட்டம் கலையாமல் தானாகவே பாடியதைக் கேட்டுத்தான் மேய்க்கு அந்த இரண்டு மிதி, ஒரு தட்டுப் பாட்டு, “வீ வில் ரொக் யூ”, மனதில் வந்தது. ரெக்கோர்டிங்கில் பலகைகளைப் போட்டுக் காலால் மிதித்தே அதன் சத்தத்தை எடுத்தார்கள். தங்கச்சியின் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பாட்டு மேசையில் அதைத் தட்டுகிறாள், ஒன்பது வயது. தட்டத் தெரிந்த ஆள் இருக்கும்வரைக்கும் அது பாட்டாக இருக்கும். 2012இல் ஒலிம்பிக் முடிவு விழாவில் பெரிய திரையில் பிரெடியின் படத்தைப் போட்டார்கள். செத்து இருபது வருடமான மனிதன் “ஏ...ஓ” என்று இழுக்க, முழு விளையாட்டரங்கும் திருப்பிச் சொன்னது. 2017இல் ஹைட் பார்க்கில் வேறொரு குழுவின் கச்சேரிக்கு முன்னால் ஒலிபெருக்கியில் குயினின் அந்த ஆறு நிமிடப் பாட்டை, “பொஹீமியன் ரப்சொடி”யைப் போட, மேடையில் ஒருவரும் இல்லாமலே 65,000 பேர் முதலிலிருந்து கடைசிவரைக்கும் பாடி முடித்தார்கள். அதை நான் யூரியூபில் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று அம்மாவைக் கேள்.

2023இல் சொதபிஸ் ஏலத்துக்கு முதல் பிரெடியின் சாமான்களைச் சும்மா பார்க்க விட்டார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்குமேல் போனார்கள். அதில் நானும் ஒருவன், உனக்குச் சொல்லவில்லை. தங்கச்சியும் நானும் வரிசையில் நின்றோம். அந்த ஆறு நிமிடப் பாட்டைப் பிரெடி கையால் எழுதிய தாள்கள் கண்ணாடிக்குள் இருந்தன. வெட்டித் திருத்தி, பெயரையும் வெட்டி மாற்றி எழுதியிருந்தார். என்ன தாள் தெரியுமா, ஒரு விமானக் கம்பனியின் தாள். அந்த மாதிரித் தாளை நான் வேலையிடத்தில் எத்தனை கட்டுக் குப்பையில் போட்டிருப்பேன். கண்ணாடிக்கு முன்னால் நிற்க என்னால் முடியவில்லை தம்பி. வேறொரு குப்பை நினைவுக்கு வந்தது.

இதைத்தான் எழுத இவ்வளவு சுற்றினேன்.

1991 நவம்பர் 25, திங்கட்கிழமை விடிய. ஞாயிறு இரவு வேலை முடித்து வந்தேன். நீ பள்ளிக்கூட உடுப்போடு, ஒரு காலில் மட்டும் சப்பாத்துப் போட்டபடி, மாடிப்படியில் இருந்து அழுதுகொண்டிருந்தாய். ரி.வி.யில் முதல்நாள் இரவு அவர் செத்த செய்தி. அதற்கு முதல்நாள்தான் தனக்கு எய்ட்ஸ் என்று அறிக்கை விட்டிருந்தார். முன்னறையில் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக, அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக, உரத்துச் சொன்னேன். “இப்படியான ஆட்களுக்கு இப்படித்தான் முடியும். பெத்தவளுக்கு நிம்மதி. இவனுக்காகவா அழுகிறாய்?”

நீ மறந்திருப்பாய் என்று கன வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினொரு வயதுப் பிள்ளை அப்படி ஒரு சொல்லை மறக்காது.

அதோடும் நான் விடவில்லை. உன் அறைக்குள் போய் அவருடைய படத்தைச் சுவரிலிருந்து இழுத்துக் கிழித்தேன். கசெற்றுகளைக் கறுப்புப் பையில் போட்டுக் குப்பைக்குள் வைத்தேன். ஒரு கசெற்றின் மேலே நீ தமிழில் “குயின்” என்று எழுதியிருந்தாய், யி-க்குச் சுழி பெரிதாக, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழகிய எழுத்து. அதைப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அந்த நத்தாருக்கு இந்த நாடே அந்த ஆறு நிமிடப் பாட்டைத் திரும்ப வாங்கி முதலிடத்துக்குக் கொண்டுவந்தது, காசு எய்ட்ஸ் நோயாளருக்குப் போனது. எங்கள் வீட்டில் மட்டும் சத்தமில்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் காட்டவில்லை, பள்ளிக்கூட ரிப்போர்ட்டைத் தவிர.

2009 நவம்பர் 24, பெல்தம் ஹை ஸ்ரீற்றில் நிலத்தில் அவருக்கு ஒரு நட்சத்திரக் கல் பதித்துத் திறந்தார்கள். நான் மரக்கறி வாங்கப் போனவன், கூட்டத்தைப் பார்த்து நின்றேன். பிரையன் மேய் வந்திருந்தார். அவரோடு ஒரு வயதுபோன அம்மா, குளிருக்குப் போர்த்திக்கொண்டு. பிரெடியின் தாய், ஜெர் புல்சாரா. மகன் போய்ப் பதினெட்டு வருடம், அதே நாள். சாம்பலை எங்கே வைத்தார்கள் என்றுகூட ஊருக்குத் தெரியாது, அதனால்தான் சனம் வீட்டுக் கதவுக்கும் சிலைக்கும் அலைகிறது. அந்த அம்மாவின் முகத்தில் நான் நிம்மதியைத் தேடினேன், தம்பி. நான்தானே சொன்னேன், பெத்தவளுக்கு நிம்மதி என்று. மரக்கறி வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். இந்த யூனில் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நீ வந்து, எல்லாரும் போன பிறகு “அப்பா, உங்களோட ஒரு விஷயம் கதைக்க வேணும்” என்றபோதாவது காது கொடுத்திருக்க வேண்டும். நான் எழும்பிப் போய் பொயிலர் சத்தம் போடுகிறது என்று சொன்னேன். பொயிலர் சத்தம் போடவில்லை. எனக்குப் பயம். நீ கோட்டைப் போட்டுக்கொண்டு இரவோடு இரவாக ஸ்ரேசனுக்குப் போனாய். நான் வாசல்வரைக்கும் வரவில்லை.

என்னை மன்னித்துக்கொள் என்று எழுதுகிறேன். வாயால் சொல்ல வருமோ தெரியாது, வந்தால் சொல்வேன்.

உன்னுடைய அறைக்கு நான் இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை. மற்ற அறையெல்லாம் இரண்டு தரம் அடித்தாயிற்று. அந்தப் படத்தின் நாலு மூலைக்கும் நீ ஒட்டிய பசையின் எண்ணெய்த் தடம் அப்படியே இருக்கிறது.

நத்தாருக்கு வா. தனியாக வர வேண்டாம். ரயில் ரிக்கெற் இப்போதே எடுத்தால் மலிவு, பிந்தினால் இரட்டிப்பு விலை சொல்வார்கள். மப்ளர் கட்டு.

அம்மா பக்கத்தில் நின்று கேட்கிறா, அவர் மீன் சாப்பிடுவாரோ, உறைப்புத் தாங்குவாரோ என்று. வேறு ஒன்றும் எழுத மனமில்லாவிட்டாலும் அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா