விடுதலைக்கு மறுநாள் பற்றி யோகனுக்கு ஒரு கடிதம்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பின் யோகன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததும், பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் எங்கள் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். இங்கே யாவரும் சுகம். மழைதான் விடவில்லை.

உன் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி நீ எழுதியது மனதை விட்டு அகலவில்லை. புதிதாக எந்தக் குற்றமும் செய்யாதவனை, தன்னைக் கண்காணிக்கும் அதிகாரியைச் சந்திக்க வேண்டிய நாளைத் தவறவிட்டான் என்பதற்காக மறுபடி உள்ளே அனுப்புவது என்ன நியாயம்? அமெரிக்காவில் சிறைக்குப் பதிலான நன்னடத்தைக் கண்காணிப்பிலும், தண்டனை முடியுமுன் நிபந்தனையோடு வெளியே விடும் பரோலிலும் 35 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். சிறைகளில் இருப்பவர்களைப் போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தங்களைக் கண்காணிப்பதற்கு மாதாமாதம் அவர்களே கட்டணம் கட்ட வேண்டிய மாநிலங்களும் உண்டு.

இதெல்லாம் தொடங்கியதே நீ இருக்கும் பாஸ்டனில்தான். 1841ஆம் ஆண்டு ஜோன் ஒகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளி, குடித்துவிட்டு நீதிமன்றத்தில் நின்ற ஒருவருக்குப் பிணை நின்றார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் குடியை விட்டுத் தெளிந்த முகத்தோடு வந்தபோது, நீதிபதி ஒரு சதம் தண்டமும் வழக்குச் செலவும் மட்டும் விதித்தார். ஒகஸ்டஸ் அத்தோடு நிற்கவில்லை. 1859இல் இறக்கும்வரை ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்குப் பொறுப்பேற்றார். அவர்களுக்கு வேலையும் இருக்க இடமும் தேடிக் கொடுத்தார். அதே 1841இல்தான் இங்கே வெள்ளைக்காரன் வெலிக்கடைச் சிறையைக் கட்டினான். அந்தச் சிறை இன்றும் நிற்கிறது. சப்பாத்துத் தொழிலாளியின் வழிதான் இரண்டு ஊர்களிலும் தேய்ந்துபோயிற்று.

நம் நாட்டு நிலைமையைக் கேட்டிருந்தாய். சட்டத்துக்குக் குறைவில்லை. குற்றவாளிகளை நன்னடத்தையில் விடும் கட்டளைச் சட்டம் 1944இலேயே வந்துவிட்டது. ஆனால் காலப்போக்கில் நன்னடத்தைத் திணைக்களத்தின் கவனம் சிறுவர் பராமரிப்பின் பக்கம் சாய்ந்தது. அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் அது மாகாணங்களிடமும் போனது. வளர்ந்தவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. சிறிய குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூகப் பணியோ போதை மறுவாழ்வோ விதிக்க அது நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. நீண்ட தண்டனை பெற்றவர்களுக்கு அனுமதிப்பத்திரத்தின் பேரில், நிபந்தனைகளோடு முன்கூட்டியே விடுதலை என்ற வழியும் உண்டு. அது எட்டுவது மிகச் சிலரைத்தான்.

மற்றவர்களுக்கு வெசாக், சுதந்திர தினம், நத்தார் என்று பொதுமன்னிப்பு. 2023 நத்தாருக்கு 1,004 பேரை ஒரே நாளில் விடுவித்தார்கள். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஏழை என்பதற்காக ஒருவனை உள்ளே வைத்துவிட்டு, பண்டிகை நாளில் கருணை காட்டி வெளியே விடுகிறோம். எனக்கு இதைப் பார்க்கக் கோபம் வருகிறது, யோகன். அந்த நீதிமன்றத்திலேயே தண்டத்தைத் தவணையில் கட்டவோ, சமூகப் பணியாகச் செய்து தீர்க்கவோ விட்டிருக்கலாமே?

நான் உதவி செய்துவரும் ஓர் இளைஞன் முகத்துவாரத்துக்காரன். ஐஸ் போதைப்பொருள் வழக்கில் சிறையில் இருந்துவிட்டு வந்தவன். கைதானபோது தேசிய அடையாள அட்டை தொலைந்துவிட்டது. புதியது எடுக்க வேண்டுமென்றால் பொலிஸ் முறைப்பாடு வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வேண்டும், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். அவன் உள்ளே இருந்தபோது தாய் வாடகை வீட்டை விட்டுவிட்டு வத்தளைப் பக்கம் போய்விட்டாள். பழைய பிரிவு உத்தியோகத்தர் ‘நீ இப்போது இங்கே இல்லையே’ என்கிறார். புதிய பிரிவிலோ அவன் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. அட்டையில்லாமல் வேலை ஏது? பாதுகாப்புக் காவலர் வேலைக்குப் போனால் பொலிஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். கடைசியில் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை; அதுவும் ஆள் தேவைப்படும் நாட்களில் மட்டும். அவனுக்கு அந்த ஐஸை விற்றவர்கள் மட்டும் எந்தச் சான்றிதழும் கேட்காமல் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

ஆகவே உங்கள் ஊரில் கண்காணிப்பு கழுத்தை நெரிக்கிறது, இங்கே வெளியே வருகிறவனுக்கு ஆளே இல்லை. கணுக்காலில் மின்னணுப் பட்டை கட்டலாம் என்று இங்கும் சிலர் பேசுகிறார்கள். அடையாள அட்டையே இல்லாதவன் காலில் பட்டை கட்டி யாருக்கு என்ன பயன்? அவனுடைய ஆவணங்களைத் தண்டனையின் முதல் மாதத்திலேயே சரிபார்த்து, வெளியே வரும்போது கையில் கொடுத்தால் போதும், பாதித் தொல்லை தீரும். ஐக்கிய நாடுகள் 2015இல் ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்தும் முறை பற்றிய மண்டேலா விதிகளில் 108ஆவது இதைத்தான் கேட்கிறது: ஆவணம், வீடு, வேலை, உடுக்க உடை, ஊர் போய்ச் சேர வழி. ஜப்பானில் 45,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் சம்பளமில்லாமல் தம் அயலில் கண்காணிப்பில் உள்ளவர்களுக்குத் துணை நிற்கிறார்கள். கோவில் அறங்காவலர்களும் தேவாலயப் பங்குச் சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சனசமூக நிலையங்களும் நிறைந்த நம் நாட்டில் அது முடியாத காரியமா?

‘பாதிக்கப்பட்டவனை யார் நினைக்கிறார்கள்?’ என்று நீ கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. என் தங்கையின் வீட்டில் திருட்டுப் போனபோது அவள் பட்ட பயத்தை நானும் பார்த்தேன். ஆனால் அந்தத் திருடன் வெளியே வந்து மறுபடி திருடினால் பயப்படப் போவதும் இன்னொரு தங்கைதானே. அவன் வேலைக்குப் போகவேண்டும் என்பது அவளுக்காகவும்தான்.

ஓர் உதவி. சிறையிலிருந்தே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் ஒழுங்கு வேண்டும் என்று நாங்கள் சில சட்டத்தரணிகள் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். உன் மகள் அங்கே சட்ட உதவி அலுவலகத்தில்தானே இருக்கிறாள்? மசாசுசெட்ஸ் சிறைகளில் அது யார் பொறுப்பு, விடுதலைக்கு எவ்வளவு காலம் முன்பாகத் தொடங்குகிறார்கள், பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொல். மாதக் கடைசிக்குள் கிடைத்தால் மனுவில் சேர்த்துவிடுவேன்.

காலைப் பார்த்துக்கொள். படி ஏறாதே.

அன்புடன்,
சேகர்