எங்களுக்கும் வேண்டும் ஒரு சூப்பர்விஷன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் 14417, 104 என்று உதவி எண்களைப் பெட்டிச் செய்தியாகப் போடுகிறீர்கள். நல்ல காரியம். எங்களைப் போன்ற பள்ளி ஆலோசகர்களின் ஞாபகமும் அந்த வாரம்தான் எல்லோருக்கும் வரும். அப்புறம் ஜூன் பிறந்தால், வராத ஆசிரியருக்குப் பதிலாக எங்களை வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அது போகட்டும்.

நான் சொல்ல வந்தது என் தவறு ஒன்றை. தனியார் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். கோடை விடுமுறையில் போன ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு மாதத்தில் ஐந்து முறை வந்திருக்கிறாள். வயிற்று வலி, வகுப்பில் கவனமின்மை, மறுபடியும் வயிற்று வலி. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் ஐந்து முறையும் என் கையெழுத்தில் ஒரே வரி: 'அறிவுரை வழங்கப்பட்டது'. அவள் என்ன சொன்னாள் என்று ஓரிடத்திலும் இல்லை. யோசித்துப் பார்த்தால் நான் பேசியதுதான் நினைவில் இருக்கிறது. ஆறாவது முறை அவள் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஜூனிலிருந்து பதிவேட்டில் 'பிள்ளை சொன்னது' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். பல நாள் அதில் எழுத ஒன்றரை வரிகூடத் தேறுவதில்லை. ஆனால் என் முதுகை நானே எவ்வளவு தூரம் பார்க்க முடியும்? நாங்கள் கையாண்ட விதத்தை அனுபவசாலி ஒருவரிடம் விரித்துச் சொல்லிக் கேட்பதற்கு எங்கள் தொழிலில் சூப்பர்விஷன் என்று பெயர். படிக்கும்போது வாரம் ஒருமுறை நடந்தது. பள்ளிக்கு வந்தபின் சூப்பர்விஷன் என்றால் தேர்வறையில் விடைத்தாள் கட்டோடு நிற்பது என்றாகிவிட்டது. கேட்டால், "அதான் வருஷத்துக்கு ஒரு ஒர்க்‌ஷாப் அனுப்புறோமே மேடம்" என்கிறார்கள். குரூப் போட்டோவும் சான்றிதழும் தவறாமல் கிடைக்கும் என்பது உண்மைதான்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை அரசு, தனியார் பள்ளி ஆலோசகர்களை அவர்களோடு உட்காரவைக்கக் கல்வித்துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். மாணவர் பெயரும் பள்ளிப் பெயரும் அங்கே வேண்டாம். போக்சோ சட்டப்படி எதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், எதை எங்களோடு வைத்துக்கொள்ளலாம் என்ற தடுமாற்றத்தையும் அங்கேயே கேட்டுத் தெளியலாம்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. போன வாரம் வராந்தாவில் எதிரே வந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "வயித்து வலியெல்லாம் இல்ல மிஸ்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

பெயர் வெளியிட விரும்பாத பள்ளி ஆலோசகர்,
திருச்சி